பதினோராவது முறை

வெள்ளிக்கிழமை, கடைசி இரண்டு பாடவேளை.
ஜெலுத்தோங் பள்ளி மண்டபத்தில் மின்விசிறி
டிக் டிக்கென்று எங்களை எண்ணிக்கொண்டிருந்தது.
திரையில் கரிந்த நுரையீரல் வந்தது.
பின்வரிசை கொட்டாவி விட்டது.
இதைவிடக் கொடியதைக்
கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான்
நாங்கள் காலையில் பல் துலக்குகிறோம்.

பிறகு யாரோ படத்தை நிறுத்தினார்கள்.
நாற்காலிகளை எதிரெதிரே இழுக்கச் சொன்னார்கள்.
ஒருவர் நீட்ட வேண்டும், மற்றவர் மறுக்க வேண்டும்.
ஒரே நிபந்தனை:
சுவரொட்டி வாசகம் பேசக்கூடாது.
வீட்டில், கடையில், பஸ்ஸில் பேசுகிற
சொந்த வாய் வேண்டும்.

எனக்கு எதிரே சர்வேந்திரன்.
நீட்டுவதற்கென்றே பிறந்தவன்போல் நடித்தான்.
கையில் காலி மைலோ டின்,
முகத்தில் தீபாவளிச் சிரிப்பு.
"ஒரே ஒரு வாய். யாரு பார்க்கப் போறா?"

முதல் தடவை மன்னிப்புக் கேட்டேன்.
இரண்டாவது தடவை அப்பாவை இழுத்தேன்.
அடுத்தது பொய்க் காய்ச்சல்.
அதற்கும் அடுத்து, சிரித்தபடியே
டின்னை வாங்கிக்கொண்டுவிட்டேன்;
மண்டபம் கைதட்டியது.
இன்னொரு முறை. இன்னொரு முறை.
வேண்டாம்.
நான்கே எழுத்து.
அதற்கு நாக்கை இவ்வளவு பழக்க வேண்டுமென்று
யாருக்குத் தெரியும்?

பதினோராவது முறை, களைத்துப்போய்,
உண்மையிலேயே பசித்ததால், சொன்னேன்:
"வேணாம்டா. பசிக்குது. மீ சாப்பிடப் போறேன், வரியா?"
அவன் டின்னைக் கீழே வைத்தான்.
அடுத்த வசனம் அவனிடம் இல்லை.

ஒன்பது மாதம்.
அவன் பள்ளிக்கு வருவது நின்றுபோனது.
பாயான் லெப்பாஸ் கிடங்கில் இரவு வேலை என்றார்கள்.

மழை பிடித்த ஒரு மாலை
எங்கள் அடுக்குமாடியின் மோட்டார் சைக்கிள் கொட்டகையில்
ஒதுங்கி நின்றிருந்தான்.
விரலில் ஆடியது பிளாஸ்டிக் பை.
தே ஐஸ் கட்டித் தருவார்களே, அதே பை,
அதே சிவப்புக் கயிறு.
உள்ளே மட்டும் குட்டைத் தண்ணீரின் நிறம்.
"கெத்தும்தான். வெறும் இலை.
கால் வலி தெரியாது.
நீயும் பரீட்சைக்குக் கண் முழிக்கிறவதானே?"

இந்த முறை அவன் நடிக்கவில்லை.
அதுதான் கஷ்டம்.
யாரோ ஒரு கெட்டவன் வந்து நீட்டுவான் என்றுதான்
நான் காத்திருந்தேன்.
வந்தது என் கணக்கு நோட்டைக் காப்பியடித்தவன்,
கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு,
தன்னிடம் இருப்பதில் பாதியைத் தர.

மின்சாரம் போன இரவில்
படிக்கட்டைக் கால் தானே கண்டுகொள்ளுமே,
அப்படி வந்தது:
"வேணாம்டா. பசிக்குது. மீ சாப்பிடப் போறேன், வரியா?"

கொஞ்ச நேரம் தகரத்தில் மழை மட்டும்.
"மைலோ டின்," என்றான்.
"மைலோ டின்," என்றேன்.
வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பையை மோட்டார் சைக்கிள் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தான்.
நாங்கள் சாப்பிட்ட நேரமெல்லாம்
அது கடைக்கு வெளியே
எங்களைப் பார்த்தபடி தொங்கியது.
எழுந்துபோய்க் கொட்டிவிடலாமா என்று
மூன்று முறை நினைத்தேன்.
கொட்டவில்லை.
அவனுக்கான நான்கு எழுத்தை
நான் சொல்ல முடியாது.

முட்டையைக் கடைசிக்கென்று ஒதுக்கியபடி கேட்டான்:
"அன்னைக்கு பலகையில எழுதினாங்களே, ஒரு நம்பர்?"

என் பென்சில் பெட்டி மூடிக்குள் இருந்தது,
பாதி அழிந்து.
கடைசி எண் மூன்றா எட்டா தெரியவில்லை.

மூன்றைப் போட்டோம்.
டயர் கடை.
எந்த சைஸ் என்று கேட்டார் ஒருவர், மிகப் பொறுமையாக.

எட்டைப் போட்டோம்.
மணி அடித்துக்கொண்டிருந்தது.
அவன் குச்சியைக் கீழே வைத்தான்,
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்,
போனை என்னிடமிருந்து வாங்கினான்.